பவர் கேபிளுக்கு ஒரு நடுவர்

செருப்பை உள்ளேயே விடுங்க தம்பி. வெளிய விட்டா எதுத்த வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிரும். வாங்க, உக்காருங்க. திருப்பூர்ல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? என்னங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. ஓ, கார்லயா. சரி சரி. இப்ப இருக்கிறவங்க எல்லாரும் வாய்க்குள்ளயே பேசிக்கிறீங்க.

பாருங்க, நல்லாப் பாருங்க. இந்த ரூமுல கண்ணுல படுறது அத்தனையும் விக்கிறதுதான். ஸ்பீக்கர் பெட்டி ரெண்டும் தேக்கு. இது ஆம்ப்ளிஃபயர். பழைய ரேடியோவாட்டம் வால்வு போட்டது, சுவிட்ச் போட்டாச் சூடேற சித்த நேரம் ஆகும். வர்றவங்க எல்லாம் முன்னாடி நின்னு பாத்துட்டுப் போயிருவாங்க. நீங்க பின்னாடி வந்து பாருங்க. இந்த ஒயர் தெரியுதுங்களா? கை மொத்தத்துல சாரைப்பாம்பாட்டம் கிடக்குதே, இதுதான் பவர் கேபிள். சுவத்துல இருக்கிற பிளக்குல இருந்து ஆம்புக்குக் கரண்டு கொண்டு வர்றது. அவ்வளவுதான் அதோட வேலை. இந்த ஒயரால சென்னியப்பன் குடும்பமே போச்சுன்னு ஊருக்குள்ள என்னைப் பத்திப் பேசிக்கிறாங்க. ஒயர் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லிர்றேன்.

இத்தனை ஆசையா வாங்கி வெச்சுட்டு ஏன் விக்கிறீங்கன்னு போன்ல கேட்டீங்கள்ல. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. சொல்றேன். கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

கணபதியில பவுண்டரி வெச்சிருந்தேனுங்க. பம்புக்கு வார்ப்பு ஊத்துறது. என் வயசு பூராவும் அங்கதான் போச்சு. வீடும் அதே காம்பவுண்டுக்குள்ள. சமையக்கட்டுக்கு அந்தப்புறம் கிரைண்டிங் ஷெட்டு. வார்த்து வந்த இரும்பைத் தேய்க்கிற சத்தம் இருக்குதே, பல்லு கூசும். அதுக்குள்ளயே நானும் என் வீட்டுக்காரி துளசிமணியும் குடித்தனம் பண்ணி, பிருந்தாவைப் படிக்க வெச்சு, பெங்களூர்ல கட்டிக் குடுத்தோம். முட்டி வலி வந்ததும் பவுண்டரியை ஒரு ஆளுகிட்டக் குடுத்துட்டு, வடவள்ளியில இந்த வீட்டைக் கட்டுனேன். இந்த ரூமை மட்டும் தனியா ரோசனை பண்ணிக் கட்டுனேன். சுவத்துக்குள்ள பஞ்சு வெச்சிருக்குது. இரும்புச் சத்தத்துலயே கிடந்தவன், இனி சாகுற வரைக்கும் பாட்டுத்தான்னு ஒரு வீம்பு.

பழக்கம்னு இங்க ஒரு கூட்டம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வீட்டுல உக்காந்து பாட்டுக் கேக்குறது. மில்லுக்காரர் பிரபாகர் இருந்தார். அப்புறம் விக்டர். விக்டருக்குத் தொழிலே இதுதான், ஆம்ப், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் வரவழைச்சுக் குடுக்கிறது. மத்தவங்க பேரெல்லாம் உங்களுக்கு எதுக்கு, இன்னிக்கு ஒருத்தனும் போன் எடுக்கிறதில்லை.

விக்டர்தான் ஒரு நாள் சொன்னான். "சார், இத்தனை நல்ல ஆம்புக்கு, மிக்ஸிக்குப் போடுற ஒயராட்டம் ஒரு ஒயரைப் போட்டு வெச்சிருக்கீங்களே. குதிரைக்குக் கழுதைப் புல்லைப் போடுறீங்க." எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கரண்டு கம்பத்துல இருந்து எத்தனையோ தூரம் சாதாரணக் கம்பியில வருது, கடைசி ரெண்டு முழத்துல என்னடா ஆகப்போகுதுன்னேன். அவன் ஒரு கேபிளைக் கொண்டாந்து மாட்டுனான். வீணை போட்டான்.

தம்பி, சத்தியமாச் சொல்றேன். அந்த வீணையைச் சுத்தி ஒரு அமைதி இருந்துச்சு. முன்னாடி அது இல்லை. தூசி படிஞ்ச கண்ணாடியை ஈரத் துணியில தொடைச்சாப்பல. நீங்களும் இந்த லைன்ல இருக்கிறவரு, உங்களுக்குப் புரியும். என் பொண்ணுகிட்டச் சொன்னா, "அப்பா, அது உங்க மனப்பிராந்தி"ங்கிறா.

அதுக்கப்புறம் நிக்கலீங்க. செம்புக் கேபிள் போயி வெள்ளி பூசுனது வந்துச்சு. பிளக்கு மாறுச்சு. மீட்டர் போர்டுல இருந்து இந்த ரூமுக்குன்னு தனி லைன் இழுத்தேன். ஃபிரிட்ஜ் ஓடுனா லைன்ல கச்சடா வருதுன்னு விக்டர் சொன்னான், அதனால பாட்டுக் கேக்குறப்ப ஃபிரிட்ஜை அணைச்சிருவோம். சாயங்காலம் மிக்ஸி போடக் கூடாது. துளசி அதுக்குத் தக்கன காலையிலயே அரைச்சு வெச்சுக்குவா. பால் ரெண்டு தடவை திரிஞ்சு போச்சு, மூணாந்தடவை அவளே பாலைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுல வெச்சுட்டா. அப்புறம் எர்த்து. நல்ல எர்த்துக்கு ஆழமாக் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டணும். இடம் பாத்தா, பின்னாடி அவளோட கறிவேப்பிலைச் செடி இருந்த இடந்தான் தோதாப்பட்டுச்சு. செடியா, மரமாவே ஆயிருந்துச்சு. வெட்டுனேன். ஒரு கறிவேப்பிலைக்கு என்னங்க, கடையில கொசுறாக் குடுக்கிறான். வெட்டுற அன்னிக்கு அவ சமையக்கட்டு ஜன்னலைச் சாத்திட்டா. தூசி வரும்னு சாத்தியிருப்பா.

அதை விடுங்க. விசயம் என்னன்னா, இந்த ஒயர் மாத்துறதுல ஒரு சிக்கல் இருக்குது. காசு போட்டு வாங்குனவன் காதை அவனே நம்ப முடியாது. புதுசுதான் நல்லாருக்குதுன்னு மனசு முன்னாடியே முடிவு பண்ணிரும். அதனால எனக்கு ஒரு நடுவர் தேவைப்பட்டுச்சு. செம்பு எது வெள்ளி எதுன்னு தெரியாத, படிச்சுக் கெட்டுப் போகாத ஒரு காது. வீட்டுலயே ஒரு காது இருக்குதேன்னு துளசியைக் கூப்பிட்டேன்.

நடு நாற்காலியில அவளை உக்கார வெப்பேன். ஒயரை மாத்திட்டு வந்து, பக்கத்துல இப்படி உக்காந்துக்குவேன். பாட்டு ஓடும். முடிஞ்சதும், "எப்படி துளசி?"ன்னு கேப்பேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு இருப்பா. அப்புறம், "இப்ப நல்லா இருக்குதுங்க, தெளிவா இருக்குது"ம்பா. ஒரு நாள் சோதிச்சுப் பாக்கலாம்னு சொல்லாமக் கொள்ளாமப் பழைய ஒயரை மாட்டிட்டு வந்து உக்காந்தேன். எனக்கே கேக்கச் சகிக்கலை. துளசி பட்டுனு சொல்லிட்டா: "இதுக்கு முன்னாடி போட்டீங்கள்ல, அதுதானுங்க தேவலை."

எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு தம்பி. இத்தனை வருசம் கூட இருக்கிறா, இவகிட்ட இப்படியொரு காது இருக்குதுன்னு எனக்குத் தெரியலையே! மறுபடியும் மறுபடியும் செஞ்சேன். ஒருக்காக்கூடத் தப்பலை. கூட்டத்துல சொன்னேன். வாட்ஸ்அப்புல எழுதுனேன். "சென்னியப்பன் வீட்டம்மாவுக்குத் தங்கக் காது"ன்னு பேராயிருச்சு. விக்டர் கேபிள் விக்கப் போற இடமெல்லாம் அவ பேரைத்தான் சொன்னான். "துளசியம்மாவே நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாங்க"ன்னு சொன்னா மறுபேச்சு இல்லாம வாங்குனாங்க. எனக்கு அதுல ஒரு பெருமைதான். இல்லைன்னு சொல்லலை. பொண்டாட்டிக்குப் பேரு வாங்கிக் குடுத்தவன் நானு. அதை யாராவது நெனைக்கிறாங்களா?

பிரபாகருக்குப் பொறுக்கலை. அந்த ஆளு எப்பவுமே சந்தேகப் பிராணி. "சென்னியப்பன், ஒயரை மாத்துறது நீங்க, பக்கத்துல உக்கார்றதும் நீங்க. அது எப்படிச் சோதனை ஆகும்? நாங்க எல்லாரும் வர்றோம். ஒரு போர்வையைக் கட்டி, பின்னாடி இருந்து ஒயரை மாத்துங்க. அம்மா சொல்லட்டும்"னார். வாங்கய்யான்னேன். வந்து பாத்துக்கங்கன்னேன். ஏன்னா எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. என் ஆம்ப் மேல இருந்ததை விட அவ காது மேல இருந்துச்சு.

துளசிகிட்டச் சொன்னப்ப, "வேண்டாமுங்க"ன்னா. "பிருந்தா நோம்பி லீவுக்கு வர்றப்ப வெச்சுக்கலாமுங்க. எனக்கு அத்தனை பேருக்கு முன்னாடி ஒரு மாதிரியா இருக்குதுங்க." கூச்சம்னு நெனைச்சேன். பொம்பளைக்குக் கூச்சம் இருக்காதா? பட்டுச்சேலை கட்டிக்கன்னு சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் வந்துட்டாங்க. அவ உளுந்து வடை சுட்டு வெச்சிருந்தா. அந்தச் சுவத்துல இருந்து இந்தச் சுவத்துக்குக் கொடி கட்டி, போர்வையைத் தொங்க விட்டாங்க. துளசி நடுவுல. கூட்டத்து ஆளுங்க எல்லாம் அவளுக்குப் பின்னாடி வரிசையா நாற்காலி போட்டு உக்காந்தாங்க. நான் போர்வைக்குப் பின்னாடி போறதுக்கு எந்திரிச்சேன். துளசி என் கையைப் புடிச்சா.

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"உள்ள இருப்பேன். விக்டர் கூட."

"இங்க உக்காந்துக்கலாமில்லீங்க?"

"அதுதானே சோதனை? நீ நேரா ஸ்பீக்கரைப் பாத்து உக்காரு. முடிஞ்சதும் ஒண்ணாவதா ரெண்டாவதான்னு சொல்லு, போதும்."

கையை விடவே இல்லீங்க. நாந்தான் எடுத்து விட்டுட்டுப் போனேன். எல்லாரும் பாத்துட்டு இருக்கிறாங்க, அந்த வயசுல கையைப் புடிச்சுட்டு நிக்க முடியுமா?

மொதல் சுத்து. "ரெண்டாவது நல்லா இருக்குதுங்க"ன்னா. ரெண்டாவது வெள்ளிக் கேபிள்தான்! விக்டர் என் முதுகுல தட்டுனான். அடுத்த சுத்து. அதுவும் சரியாப் போச்சு. பிரபாகர் உச்சுக் கொட்டுற சத்தம் எனக்குப் போர்வைக்குப் பின்னாடி கேட்டுச்சு. அவ்வளவு சந்தோசமா இருந்துச்சுங்க. இப்பச் சொல்றதுக்கு வெக்கமா இருக்குது, அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு.

அடுத்த சுத்துக்கு ஒயரை மாத்துனோம். விக்டர் அவசரத்துல பிளக்கைச் சரியா அழுத்தலை. ஆம்புக்குக் கரண்டே வரலை. நாங்க பாக்கலை. ரெக்கார்டு சுத்துது, ஊசி மேல இருக்குது, சத்தம் இல்லை. வால்வு இன்னும் சூடாகலை, இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு நாங்க ரெண்டு பேரும் மூச்சை அடக்கிட்டு நிக்கிறோம். முன்னாடி உக்காந்திருக்கிறவங்களும் அதையேதான் நெனைச்சிருப்பாங்க, ஒருத்தரும் அசையலை. ரூமுக்குள்ள ஃபேன்கூட இல்லை. நான் போர்வையோட ஓரத்தை விலக்கிப் பாத்தேன். துளசி கண்ணை மூடிட்டு இருக்கிறா. தலையை லேசா ஆட்டிக்கிட்டு, மடியில விரலால தாளம் போட்டுட்டு இருக்கிறா.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்தா. இந்நேரத்துக்குப் பாட்டு முடிஞ்சிருக்கும்னு நெனைச்சிருக்கிறா. நேரா ஸ்பீக்கரைப் பாத்துச் சொன்னா:

"இதுதானுங்க எல்லாத்தையும் விட நல்லா இருக்குது. ரொம்பத் தெளிவா இருக்குது."

யாரோ ஒருத்தர் சிரிச்சுட்டாங்க. பிரபாகர்தான்னு நெனைக்கிறேன். அந்த ஆளு பின்னாடி, "நான் சிரிக்கவே இல்லை"ன்னு சத்தியம் பண்ணுனார். யாரா இருந்தா என்ன. சிரிப்பு பாதியில நின்னுருச்சு. துளசி அசையலை. அப்பத்தான் நானும் புரிஞ்சுக்கிட்டேன், அந்தச் சிரிப்பும் அவளுக்குக் கேக்கலை. நான் போர்வையைத் தள்ளிட்டு வெளிய வந்தேன். அவ என் முகத்தைப் பாத்தா. அப்புறம் திரும்பிப் பின்னாடி இருந்தவங்க முகத்தைப் பாத்தா, ஒவ்வொருத்தரா. மறுபடியும் என் முகத்தைப் பாத்தா. என் முகம் எப்படி இருந்துச்சோ எனக்கு எப்படித் தெரியும்?

எந்திரிச்சு, சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, "எல்லாருக்கும் காப்பி கொண்டாறேனுங்க"ன்னு சமையக்கட்டுக்குப் போயிட்டா. காப்பி கொண்டாந்தா. வடை கொண்டாந்தா. ஒவ்வொருத்தர் முன்னாடியும் நின்னு, "சட்னி போதுங்களா?"ன்னு கேட்டுக் கேட்டு வெச்சா. எனக்கு அதுதான் தம்பி பொறுக்க முடியலை. என் மானத்தை வாங்கிட்டு, ஒண்ணுமே நடக்காதவளாட்டம் வடை பரிமாறுறா!

அவங்க போனதும் சத்தம் போட்டேன். போடாம? பாத்திரம் கழுவிட்டு இருந்தா, திரும்பலை. இன்னும் சத்தமாப் போட்டேன். திரும்பலை. தோளைத் தொட்டுத் திருப்புனேன். அப்ப சொல்றா, "முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்கிறதில்லீங்க. ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாளாச்சுன்னா? ஏன் சொல்லலை?"

"சொன்னேனுங்க. வீடு கட்டி வந்த புதுசுல சொன்னேன். நீங்க பாட்டுக் கேட்டுட்டு இருந்தீங்க. இருன்னு கையைக் காட்டுனீங்க. நானும் இருந்தேன்."

சொன்னாளாம். சொல்லியிருந்தா எனக்குக் கேக்காமலா போயிருக்கும்? வெள்ளிக்கும் செம்புக்கும் வித்தியாசம் கேக்குற காதுங்க இது. பொண்டாட்டி சொன்னது மட்டும் விழாமப் போயிருமா?

இப்ப நெனைச்சுப் பாத்தா, குக்கர் விசில் அடிச்சு அடிச்சுப் பருப்பு தீஞ்சது, காலிங் பெல் அடிச்சாத் திறக்காம இருந்தது, பொண்ணு போன் பண்ணுனா எடுத்து எங்கிட்டக் குடுத்துட்டுப் போனது எல்லாம் இதுதான்னு தெரியுது. அப்ப எனக்கு எப்படித் தெரியும்? தாய்க்கும் பொண்ணுக்கும் ஏதோ மனஸ்தாபம்னு நெனைச்சேன். வயசானா ஒரு அசால்ட்டு வரும்னு நெனைச்சேன். நான் பேசுனா அவ பதில் சொல்லிட்டுத்தான் இருந்தா. நான் பேசுறப்ப வாயைப் பாத்துக்குவாளாம்.

"அப்ப கேபிளை எப்படிச் சொன்னே? ஒண்ணு விடாம எப்படிச் சரியாச் சொன்னே?"ன்னு கேட்டேன். எனக்கு அது தெரியணும்.

"உங்க முகத்தைப் பாத்துச் சொன்னேனுங்க"ன்னா. "புது ஒயரை மாட்டிட்டு வந்து உக்காந்தீங்கன்னா உங்க முகம் சின்னப் பையனாட்டம் இருக்கும். பழசுன்னா உர்ருனு இருக்கும். அதுல கண்டுபிடிக்க என்னங்க இருக்குது?"

"இன்னிக்கு ரெண்டு தடவை சரியாச் சொன்னியே, போர்வை கட்டியிருந்தப்ப?"

"வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

அவ கையைத் தொடைச்சுட்டுச் சொன்னா, "நீங்க எங்கூடச் சேந்து உக்கார்றதே அப்பத்தானுங்க. அதான் வந்து உக்காந்தேன்."

என்ன பேச்சு பாருங்க. ஒரே வீட்டுல இருக்கிறோம், ஒரே நேரத்துல சாப்பிடுறோம். கூட உக்கார்றதே அப்பத்தானாம்.

கூட்டத்துல என் பேரு நாறிப் போச்சு. துளசி சொன்னான்னு கேபிள் வாங்குனவங்க எல்லாம் விக்டர் மேல பாஞ்சாங்க. விக்டர் எம்மேல பாஞ்சான், "சார், நீங்க தெரிஞ்சே பண்ணுனீங்களா?"ன்னு கேட்டான். எங்கிட்ட, தம்பி! நான்தானே மொதல்ல ஏமாந்தவன்? அது ஒருத்தனுக்கும் உறைக்கலை. வாட்ஸ்அப்புல இருந்து நானே வெளிய வந்துட்டேன்.

பிருந்தா பெங்களூர்ல இருந்து ஓடி வந்தா. உள்ள வந்ததும் அவ கேட்ட மொதல் கேள்வி: "அப்பா, அம்மாகிட்ட நீங்க பேசுறதே இல்லையா?"

"தினமும் பேசிட்டுத்தான் கண்ணு இருக்கிறேன்."

"அம்மா என்னப்பா பேசுனாங்க? கடைசியா அம்மா உங்ககிட்டச் சொன்னது ஒண்ணு சொல்லுங்க."

இது என்ன கேள்விங்க? யாராவது ஞாபகம் வெச்சிருப்பாங்களா? நீங்க சொல்லுங்க, உங்க வீட்டுல கடைசியா என்ன சொன்னாங்கன்னு? என்னங்க? ...சரி, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சின்ன வயசு.

காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். வீட்டுப் பக்கம் ஏதாச்சும் மெசின் சத்தம் இருந்துச்சான்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க. பிருந்தா முந்திக்கிட்டு, "சமையக்கட்டுக்குப் பின்னாடியே கிரைண்டிங் ஷெட்டு"ன்னா. நான் சொன்னேன், "ஏனுங்க, அந்த ஷெட்டுக்குள்ளயே நின்னவன் நான். எனக்கு ஒண்ணும் ஆகலையே?" அந்தம்மா சிரிச்சுட்டே, "அப்ப உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாமே"ன்னாங்க. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். எனக்கு எதுக்குங்க டெஸ்ட்டு? யாருகிட்ட வந்து யாருக்கு டெஸ்ட்டு?

துளசிக்கு மெசின் மாட்டி விட்டாங்க. காதுக்குப் பின்னாடி பாக்குக்கொட்டையாட்டம் ஒண்ணு. பழகுற வரைக்கும் எங்கூட இருக்கட்டும்னு பிருந்தா பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. நானும் சரின்னேன். கோவமெல்லாம் எனக்கு எத்தனை நாளைக்கு இருக்கும்? அவ திரும்பி வர்றப்ப நான் எல்லாத்தையும் மறந்தாச்சு. சொல்லப் போனா எனக்கு ஒரு ஆசையே வந்துருச்சு. இப்பத்தான் நிஜமாவே காது கேக்குதே! இனி இந்தக் கேபிளோட அருமையை அவ நெசமாலுமே கேக்கலாமே!

வந்து பையை வெச்சா. தண்ணி குடிச்சா. கூட்டிட்டு வந்து உக்கார வெச்சேன். வெள்ளிக் கேபிளைப் போட்டு, வீணையை வெச்சேன். துளசி முகமெல்லாம் ஒரு மாதிரி ஆச்சு. வாயைப் பொத்திக்கிட்டா. கண்ணுல தண்ணி. "இதுதானுங்களா? இதுதான் இத்தனை நாளும் ஓடிட்டு இருந்துச்சா?"ன்னா.

"இரு, இரு, இன்னும் முடியலை"ன்னு பாட்டை நிறுத்திட்டு, ஓடிப் போயி பழைய ஒயரை மாட்டுனேன். அதே பாட்டு. வந்து உக்காந்தேன். அவ என் பக்கமாத் திரும்புனா. என் முகத்தைப் பாக்குறா! எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. "இந்தப் பக்கம் பாக்காதே. ஸ்பீக்கரைப் பாரு. எது நல்லாருக்குதுன்னு காதால கேட்டுச் சொல்லு"ன்னேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்க இருக்குது. ரெண்டுமே நல்லா இருக்குது. ஏன் நிறுத்துறீங்க? ஓடட்டுமே."

"ஒண்ணா? நல்லாக் கேளு. மறுபடியும் போடுறேன்."

மறுபடியும் போட்டேன். மாத்துனேன். போட்டேன். மாத்துனேன். பொறுமையா, பவுண்டரியில புது ஆளுக்குச் சொல்லித் தர்றாப்பல சொல்லிக் குடுத்தேன், எந்த இடத்துல என்ன கேக்கணும், தந்தி நின்னதுக்கு அப்புறம் அமைதி எப்படி இருக்கணும்னு. ஒரு வேளை கொஞ்சம் சத்தமாப் பேசியிருக்கலாம். துளசி கையைத் தூக்கிக் காதுல இருந்து மெசினைக் கழட்டுனா. கழட்டி மடியில வெச்சுக்கிட்டா. நான் பேசிட்டு இருக்கிறேன், அவ பாட்டுக்கு என்னைப் பாத்துட்டு உக்காந்திருக்கிறா, கோயில்ல உக்காந்திருக்கிறவளாட்டம், அமைதியா. நான் பேசி முடிச்சதும் எந்திரிச்சா. அடுத்த நாளு காலையில பிருந்தாவுக்குப் போன் பண்ணச் சொன்னா. சண்டை இல்லை, அழுகை இல்லை. பேத்திக்குப் பரீட்சை இருக்குதுன்னு சொன்னா. நானே ரயில் ஏத்தி விட்டேன்.

பேத்திக்குப் பரீட்சை முடிஞ்சாச்சு. லீவும் முடிஞ்சாச்சு. மறுபடியும் பள்ளிக்கூடம் திறந்தாச்சு. வரலை.

அவ இல்லாம இங்க உக்காந்து கேட்டுப் பாத்தேனுங்க. ஒயரை மாத்திட்டு வந்து உக்காருவேன். எது எதுன்னே தெரியலை. கரண்டு சரியில்லை இப்ப, இந்தப் பக்கம் பூராவும் புதுசு புதுசா வீடு கட்டுறான், லைன்ல கச்சடா ஜாஸ்தி. வேற ஒண்ணுமில்லை. வித்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

போன வாரம் பிருந்தாவுக்குப் போன் பண்ணுனேன். காலை நேரம். அவ பேசிட்டு இருக்கிறப்ப பின்னாடி ஒரு பாட்டுச் சத்தம். போனைக் காதோட அழுத்தி வெச்சுக்கிட்டேன். பொம்பளைக் குரல். பக்கவாத்தியம் ஒண்ணும் இல்லை, வெறும் குரல். பெரிய பாடகி எல்லாம் இல்லை, ஆனா சுருதி நிக்குது.

"என்ன கண்ணு, ரேடியோ வாங்கியிருக்கீங்களா?"ன்னேன்.

"ரேடியோ இல்லப்பா. அம்மா. கறிவேப்பிலை உருவிட்டு இருக்காங்க. இப்பெல்லாம் எந்நேரமும் பாட்டுத்தான். கல்யாணத்துக்கு முன்னாடி பாடுவாங்களாமே, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதுங்க. பவுண்டரி வீட்டுல ஒரு நாள் பாடிக் கேட்டதில்லை. இந்த வீட்டுலயும் கேட்டதில்லை. போனை அம்மா பக்கமா சித்த நேரம் காட்டு கண்ணுன்னேன். காட்டுனா. ரெண்டு வரி கேட்டிருப்பேன். அப்புறம் "யாரு, அப்பாவா?"ன்னு துளசி கேட்டது காதுல விழுந்துச்சு. அதோட நின்னுருச்சு. எத்தனை நேரம் வெச்சிருந்தும் பாடலை.

நீங்களே சொல்லுங்க தம்பி. வீட்டுக்குள்ளயே இப்படி ஒரு ரூமைக் கட்டி வெச்சுட்டு ஒரு மனுசன் உக்காந்திருக்கிறான். பாடத் தெரிஞ்சவ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமுங்களா?